ஆறுமுகப் பெட்டியின் தல புராணம்

எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடம். வாத்தியார் கரும்பலகையில் ஒரு பெட்டியை வரைந்து, கீழே ‘கனச்செவ்வகம்’ என்று எழுதினார். “நாளைக்கு வரும்போது ஆறு முகம் உள்ள பொருள் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும்” என்றார். மறுநாள் மேசை நிறைய தீப்பெட்டி, பற்பசை அட்டை, சவர்க்காரக் கட்டி, யாரோ தூக்கி வந்த ஒரு முழுச் செங்கல். கடைசி வரிசைப் பையன் மட்டும் மளிகைக் கடைக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். விரித்தால் மயில்மேல் ஆறுமுகக் கடவுள், இரு பக்கமும் வள்ளி தெய்வானை. “எண்ணிப் பாருங்க சார்” என்றான். வாத்தியார் எண்ணினார். ஆறு இருந்தது. கணக்குப்படி தப்பு, ஆகமப்படி சரி. அதனால் தீர்ப்பும் இரண்டாக வந்தது: காலண்டர் சுவரில் ஏறியது, பையன் பெஞ்சுமேல் ஏறினான்.

அன்றைக்கு வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். பெட்டியை எப்படித் திருப்பினாலும், எந்த மூலையில் நின்று பார்த்தாலும், ஒரே சமயத்தில் மூன்று முகத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் நம்பவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தோம், தலைகீழாகக் குனிந்து பார்த்தோம். மூன்றுதான். ஒருத்தன் மட்டும் “நாலு தெரியுது சார்” என்று கூவினான். தீப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

வாத்தியார் கணக்கு வேளையில் சரித்திரப் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு உறைக்க நாற்பது வருஷம் ஆயிற்று. எங்கள் தோட்டம் இருந்த மலேசியாவின் கேமரன் மலைக் கதையை எந்தப் புத்தகத்தில் புரட்டினாலும் மூன்று முகங்கள்தாம் தெரியும். மூன்றும் வெயிலில் சிவந்த வெள்ளை முகங்கள். மற்ற மூன்றும் சுவரோடும் தரையோடும் ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே அந்த மலையின் தல புராணத்தைப் பெட்டியைப் புரட்டிப் புரட்டி நானே சொல்லிவிடுகிறேன். புராணம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆண்டுகளும் ஆட்களும் நிஜம். கிண்டல் மட்டும் என் சொந்தச் சரக்கு.

பெயர்ப் படலம்

புராணம் என்றால் முதலில் நாமாவளி. ஆறு முகம் உள்ள திண்மம் எதுவானாலும் அறுமுகி. ஆறு முகமும் செவ்வகமாக இருந்தால் கனச்செவ்வகம். ஆறும் ஒரே அளவுச் சதுரமானால் கனச்சதுரம். கனச்செவ்வகத்தை லோரியில் ஏற்றி, கேமரன் மலையிலிருந்து தாப்பா மலைப்பாதையின் வளைவுகளில் இறக்கினால், அடிவாரம் போய்ச் சேரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைகரத் திண்மம் ஆகியிருக்கும். இந்த உருமாற்றத்துக்குக் கணிதத்தில் சூத்திரம் உண்டு. தோட்டத்தில் இதற்குச் சம்பளப் பிடித்தம் உண்டு.

கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயரைப் பிரித்தால் ‘ஆறு இருக்கை’ என்று வரும். நாம் முகம் என்று பார்த்த இடத்தை அவர்கள் ஆசனம் என்று பார்த்திருக்கிறார்கள். எந்தப் பொருளைக் கண்டாலும் ‘இதில் எப்படி உட்காரலாம்’ என்று யோசித்த ஜனம். பிற்காலத்தில் மலாயாவுக்கு வந்த துரைமார்கள் சின்ன வயதில் கிரேக்கம் படித்தவர்கள் என்பதற்கு வேறு சான்றிதழ் தேவையில்லை. பிளேட்டோ ஒரு படி மேலே போய், கனச்சதுரத்தை மண்ணுக்கு ஒதுக்கினார். எல்லா வடிவங்களிலும் அசையாமல் நிற்பது அதுதான், பூதங்களில் அசையாதது மண்தான், இரண்டுக்கும் பொருத்தம் என்றார். பாவம், நவம்பர் மழையில் கேமரன் மலைப்பாதையில் மண் சரிந்து இறங்குவதை அவர் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்த பெயர் இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கனச்சதுரத்தை அவர்கள் ‘சதுரமுகி’ என்பார்கள். கேட்டால் ஏதோ பழைய படத்துக் கதாநாயகி போல இருக்கும். கனச்செவ்வகத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கனவுரு’. கன, உரு, நடுவில் ஒரு வகர உடம்படுமெய். இலக்கணத்தில் கோட்டைவிட்டவன் இதையே கனவு, உரு என்று பிரிப்பான். கேமரன் மலையின் மொத்தச் சரித்திரமும் இந்த ஒரு புணர்ச்சிப் பிழைக்குள் அடங்கிக் கிடக்கிறது. பெட்டியை மேலே இருந்து பார்த்தவர்களுக்கு அது கனவின் உரு. கீழே இருந்து தூக்கியவர்களுக்கு அது கனத்தின் உரு.

மேல் முகம்

1885ஆம் ஆண்டு. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரைப் பகாங், பேராக் எல்லைப் பக்கம் படம் வரைந்து வா என்று ஆங்கில அரசு அனுப்பியது. போனவர் சுற்றிலும் மலைகள் வளைத்து நிற்க, நடுவே மெல்லச் சரிந்து கிடக்கும் ஒரு மேட்டுச் சமவெளியைப் பார்த்தார். குளிர்ந்தது. நல்ல இடம் என்று மேலிடத்துக்கு எழுதினார். எழுதினாரே தவிர, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்கவில்லை என்பது அவர்மேல் இன்றுவரை நிற்கும் குறை.

யோசித்துப் பாருங்கள். சமையற்காரன் உப்புப் போட மறக்கலாம், ஜோசியன் நல்ல நேரம் பார்க்க மறக்கலாம். படம் வரையப் போனவர் படத்தில் புள்ளி வைக்க மறந்தார். மறு ஆண்டே காலமாகிவிட்டார். ஆகவே, “ஐயா, அந்தச் சமவெளியை எங்கே வைத்தீர்கள்?” என்று கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. சாவியை எங்கே வைத்தோம் என்று சொல்லாமல் போன பாட்டிமார் எல்லா வீட்டிலும் உண்டு. இவர் ஒரு மலையையே அப்படி வைத்துவிட்டுப் போனார். அந்த மலைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். தொலைத்தவர் பெயரையே தொலைந்த பொருளுக்கு வைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, இங்கே ஓர் ஆரோக்கிய வாசஸ்தலம் அமைக்கலாம் என்று ஆசைப்பட்டார். காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை வெட்டினார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்க வேலை என்பது அன்றும் அரசாங்க வேலைதான்.

முன் முகம்

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், ஆங்கில அதிகாரி சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் மலையேறினார். சுமார் ஒன்பது நாள் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த இடம் ஏறக்குறைய முட்டை வடிவில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். இலங்கையின் நுவரெலியாவோடும் பிலிப்பைன்ஸின் பாகியோவோடும் ஒப்பிட்டு, இங்கே ஒரு கோடை வாசஸ்தலம் கட்டலாம் என்று முடிவு சொன்னார்.

ஆக, முதலில் வந்தவர் கண்ணுக்குத் தட்டு, அடுத்து வந்தவர் கண்ணுக்கு முட்டை. அங்கே ஒரு பஜாருக்கு மலாயில் வழங்கும் பெயர் தானா ராத்தா, அதாவது சமதளம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ‘நான் சமதளம்’ என்று சொல்ல ஓர் ஊருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஒரே மலையைப் பார்த்து ஆளுக்கொரு வடிவம் சொன்னதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குருடர்கள் யானையைத் தடவிய கதையில், தடவியவர்களுக்காவது யானையிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

முட்டை வடிவம் முடிவானதும் சாலை போடத் தொடங்கினார்கள். இடமோ பகாங்குக்குச் சொந்தம், சாலையோ பேராக்கின் தாப்பாவிலிருந்து. நிலம் ஒருத்தர் வீட்டில், வாசல் அடுத்த வீட்டில். இன்றும் பெரும்பாலானோர் பேராக் வழியாகத்தான் ஏறி பகாங்குக்குள் குதிக்கிறார்கள். சாலை 1931இல் திறந்தது. அது நேராகப் போகும் இடம் எது என்று தெரிந்தவர்கள் அந்த ரகசியத்தை இன்னும் வெளியிடவில்லை. தாப்பா சாலையில் ஒருமுறை ஏறி இறங்கிய பிள்ளைக்கு வளைகோடு என்றால் என்ன என்று பள்ளியில் தனியாக விளக்கத் தேவையில்லை. வயிறே சொல்லிவிடும்.

வலப்பக்க முகம்

மூன்றாவது முகம் ஜே. ஏ. ரஸ்ஸல். இவர் ஏற்கெனவே பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தால் பேர் பெற்ற முதலாளி. தரைக்கடியில் கறுப்பாகக் கிடந்ததை எடுத்து விற்றவருக்கு, தரைக்கு மேலே பச்சையாக வளர்வதையும் பறித்துக் கறுப்பாக்கி விற்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. இலங்கையில் தேயிலைத் தொழிலைக் கற்ற ஏ. பி. மில்ன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு 1929இல் மலையில் தோட்டம் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் தலைகுப்புற விழுந்த ஆண்டும் அதுவே. பங்குச் சந்தை கவிழ்ந்த வருஷத்தில் போய், நட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் ஒழுங்காகக் கொழுந்து தரும் செடியை நடுவதற்குத் தனி மனசு வேண்டும். அல்லது மலையில் பேப்பர் தாமதமாக வர வேண்டும்.

ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், ஆட்கள். இவற்றைக் கொண்டு செங்குத்தான காட்டைத் தோட்டமாக்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கதையில் உருளை எத்தனை என்று தெரிகிறது, கழுதையின் ஜாதி தெரிகிறது. ஆட்கள் விஷயத்தில் மட்டும் ‘ஆட்கள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. ரஸ்ஸல் 1933இல் இறந்தார். தோட்டம் வளர்ந்து நாட்டின் மிகப் பெரிய தேயிலை உற்பத்தியாளர் ஆயிற்று. அதே 1933இல் வட இந்தியக் குடும்பம் ஒன்று தொடங்கிய பாரத் தேயிலையும் பக்கத்து மலைச்சரிவில் இன்றுவரை நிற்கிறது.

ரஸ்ஸல் தோட்டத்துத் தேயிலையின் பெயர் ‘போ’. சீனாவில் வூயி மலைத் தேயிலைக்கு ஐரோப்பியர் வைத்த ‘போஹீ’ என்ற பெயரின் சுருக்கம் என்பார்கள். ‘மலைநாட்டின் சிறந்தது’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் என்று சொல்பவர்களும் உண்டு. எந்தக் கட்சி சரியானாலும், தமிழர்களைக் கேட்காமல் வைத்த பெயர் இது என்பது மட்டும் உறுதி. உலகிலேயே விருந்தாளியை ‘வா’ என்று கூப்பிட்டு உட்கார வைத்து ‘போ’ கொடுத்து உபசரிப்பவர்கள் மலேசியத் தமிழர்கள்தாம். “இன்னும் கொஞ்சம் போ ஊத்தட்டுமா?” என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதவரே நல்ல சம்பந்தி.

போஹீக்கு முன்கதை ஒன்று உண்டு. 1773 டிசம்பர் 16 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், வரி கட்ட மாட்டோம் என்ற கூட்டம் கப்பலேறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது. அதில் பெரும்பகுதி போஹீதான். ஒரு வல்லரசு பிறந்த கதைக்கு மூலப்பொருள் ஓர் ஆறுமுகப் பெட்டி. கடல் முழுக்கத் தேநீர் போட்டும் சர்க்கரை போட மறந்தார்கள். அந்தக் கசப்பு இரு நாட்டுக்கும் வெகுநாள் இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் மூன்று முகங்கள் இத்துடன் முடிந்தன. பாடப்புத்தகமும் இங்கேதான் ‘பயிற்சி’ என்று போட்டுவிடும். நாம் பெட்டியைத் திருப்புவோம்.

பின் முகம்

கேமரன் இந்த மலையை ‘கண்டுபிடித்த’போது அங்கே யார் இருந்தார்கள்? செமாய் என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். காடு அவர்களுக்கு வீடு, சந்தை, மருந்துக்கடை எல்லாம். ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது, வேறொருவர் மூச்சிரைக்க ஏறிவந்து “ஆஹா, கண்டுபிடித்துவிட்டேன்” என்றால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும்? அந்த முகம்தான் பெட்டியின் பின் முகம். அதைப் படம் பிடிக்க அன்றைக்கு யாரும் இல்லை.

கேமரனோடு யானைகளும் குலோப் ரியாவ் என்ற வழித்துணைவரும் போனதாகச் சொல்வார்கள். வழி காட்டியவருக்கு வழி தெரிந்திருக்கிறது என்றால் அவர் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறார் என்று அர்த்தம். இந்தச் சாதாரணத் தர்க்கம் சரித்திரத்தில் மட்டும் செல்லாது. முன்னால் நடந்தவர் வழித்துணை, பின்னால் நடந்தவர் கண்டுபிடிப்பாளர். மலைக்குக் குலோப் ரியாவ் மலை என்று பெயர் வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? சுற்றுலாத் துண்டறிக்கையில் இரண்டு எழுத்து கூடியிருக்கும்.

மலைக்கு ஒளித்து வைக்கும் பழக்கம் பிற்பாடும் போகவில்லை. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு முதலாளி ஜிம் தாம்சன் தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், காடு தெரிந்த பூர்வகுடிகள், போமோ என்ற மலாய் மந்திரவாதிகள் என்று பெரும் படை தேடியது. கிடைக்கவில்லை. அவரைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வந்திருக்கிறது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், 1942இலும் 1943இலும், ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்களைத் தேடி எந்தப் படையும் போகவில்லை, வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களைத் தவிர. காணாமல் போவதற்கும் ஒரு முகராசி வேண்டும் போலிருக்கிறது.

இடப்பக்க முகம்

இப்போது நம்மவர்கள். ஒப்பந்தக் கூலி முறையை மலாயாவில் 1910இல் ஒழித்துவிட்டு, கங்காணி முறையை அரியணையில் ஏற்றினார்கள். கங்காணி என்பவர் நேற்றுவரை கூலி. இன்று கோட்டும் தலைப்பாகையும் போட்டு, துரை கொடுத்த லைசென்ஸோடு சொந்த ஊருக்கு வந்து, மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மலாயாவை விவரிப்பார். அவர் விவரிப்பில் தேங்காயும் மாசிக் கருவாடும் மரத்தில் காய்க்கும். கனவுருவைப் பிரித்துக் கனவை மட்டும் கையில் கொடுப்பதில் அவரைப் போல இலக்கணம் தெரிந்தவர் இல்லை. கேட்டவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கும்போது மீதி எழுத்து கையில் வந்து சேரும். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதற்குத் தடை போட்ட பிறகுதான் அந்தக் கச்சேரி ஓய்ந்தது.

மலையேறியவர்களுக்கு வீடு லயம். வடிவியலில் லயத்தை மிஞ்சிய சிக்கனம் கிடையாது. பத்து வீட்டைத் தனித்தனியாகக் கட்டினால் பக்கச் சுவர் இருபது வேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒட்டி வரிசையாகக் கட்டினால் பதினொன்று போதும். ஒன்பது சுவர் லாபம்! அந்த ஒன்பது சுவரும் எங்கே போயின என்று தேடினால், மேட்டில் துரை பங்களாவைச் சுற்றிக்கொண்டு வருவது நல்லது. அங்கே அறைகளுக்குப் பஞ்சமில்லை. லயத்திலோ ஒரு வீட்டின் வலச்சுவர் அடுத்த வீட்டின் இடச்சுவர். ஒருத்தி மிளகாய் வதக்கினால் பத்து வீடும் தும்மும். ஒரு வீட்டில் நடக்கும் சண்டைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பெருமூச்சுக்கூட விட முடியாது.

காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கு. இருட்டும் பனியும் கலந்த வேளையில் வரிசையாக நிற்க வேண்டும். எழுத்தர் கிராணி பெயர் கூப்பிட, மேற்பார்வை மண்டோர் வேலை பிரிக்க, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். பறிப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கூடை வட்டம், தேயிலைப் புதர் மேல்தட்டு மேசை போலத் தட்டை, மலைச்சரிவு சாய்தளம், அட்டைப்பூச்சி உருளை. ஒரு வடிவியல் புத்தகத்துக்கு வேண்டிய எல்லாமும் ஒரு பெண்ணின் காலைப் பொழுதில் அடக்கம்.

கூலியிலும் கணக்கு உண்டு. 1920களின் கடைசியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்தார்கள். ஐந்துக்கு நாலு. கொழுந்துக்கு ஆண் பெண் தெரியுமா, தராசுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. வயிற்றுக்கும் அரிசிக்கடைக்கும்கூட அந்த விகிதம் தெரியாது. ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி ஒரு கொட்டகையில் தொடங்கிய வரிசையில்தான் பின்னாளில் எங்கள் பள்ளியும், கரும்பலகையில் அந்தப் பெட்டியும் வந்தன.

அடி முகம்

கடைசி முகம். எந்தப் பெட்டிக்கும் மொத்தப் பாரத்தையும் தாங்குவது இதுதான். யாரும் பார்க்காததும் இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்த தூளெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து, உள்ளே ஈயக் காகிதம் ஒட்டியது. உலகச் சந்தையில் வழக்கமான அளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 75 உயரம். பெருக்கினால் 1,87,500 கன சென்டிமீட்டர், அதாவது 187½ லிட்டர். இரண்டு முகம் சதுரம், நான்கு முகம் செவ்வகம். எந்தப் பாடப்புத்தகமும் இதைவிட ஒழுங்கான கனச்செவ்வகத்தைக் காட்டியதில்லை.

பெட்டி அடிக்கிறவர் முகத்தை எண்ண மாட்டார். விளிம்பை எண்ணுவார். பலகை சேரும் ஒவ்வொரு விளிம்பிலும் தகரப் பட்டி வைத்து ஆணி அறைய வேண்டும். மொத்தம் பன்னிரண்டு. ஒன்று விட்டாலும் கப்பலில் வாய் பிளந்துவிடும். இதில் அவருக்குக் கூட்டாளி ஒருவர் இருக்கிறார்: ஆரியபட்டர். 499ஆம் ஆண்டு எழுதிய நூலில், கனம் என்றால் மூன்று சம எண்களின் பெருக்கம், பன்னிரண்டு விளிம்புள்ள உருவமும் அதுவே என்று வரையறுத்தார். கிரேக்கன் உட்கார இடம் எண்ணினான், ஆரியபட்டர் ஆணி அறைய இடம் எண்ணினார். எங்கள் தொழிற்சாலைப் பெட்டிக்காரருக்கு அவர் பெயர் தெரியாது. இருவரும் சந்தித்திருந்தால் முதல் கேள்வி, “பட்டி எந்தக் கடையில வாங்குறீங்க?” என்பதாகத்தான் இருந்திருக்கும்.

பெட்டி நிறைந்தால் எடை நாற்பத்தைந்து, ஐம்பது கிலோ வரும். இங்கேதான் தமிழ் மற்ற மொழிகளை ஓரமாக உட்கார வைக்கிறது. நம் மொழியில் கன அளவுக்கும் கனம், பாரத்துக்கும் கனம். “பெட்டி கனமா?” என்று கேட்டால் கணித ஆசிரியரும் ஆம் என்பார், தூக்குகிறவரும் ஆம் என்பார். தூக்குகிறவர் மட்டும் முனகிக்கொண்டே சொல்வார். நீதிமன்றத்திலும் ‘கனம் கோர்ட்டார்’ என்போம். ஆசனத்தில் இருப்பவருக்குக் கனம் மரியாதை, அடியில் இருப்பவருக்குக் கனம் கனம்தான்.

டேலோஸ் தீவுக் கதை கேட்டிருப்பீர்கள். கொள்ளைநோய் நீங்க, கனச்சதுரமான பலிபீடத்தை இரண்டு மடங்காக்கு என்று அப்பல்லோ சொன்னாராம். ஜனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினார்கள். பீடம் எட்டு மடங்காகிவிட்டது. நோயும் போகவில்லை. கணித மேதைகள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்தார்கள். ஒரு லோரி அட்டெண்டனைக் கூப்பிட்டிருக்கலாம். ஐம்பது கிலோப் பெட்டியை எல்லாப் பக்கமும் இரட்டிப்பாக்கினால் நானூறு கிலோ ஆகும் என்று அவருடைய முதுகெலும்பே சொல்லியிருக்கும்.

காலிப் பெட்டிக்கும் வாழ்வு உண்டு. சீமையில் வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்டுவார்கள். இன்னும் சிலர் அதைக் கவிழ்த்து, ஒரு குச்சியும் கயிறும் கட்டி வாத்தியமாக்கினார்கள். 1957 ஜூலை 6, லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனனின் பையன்கள் குழு வாசித்தபோது பின்னால் ‘தும் தும்’ என்று அடித்தது ஒரு தேயிலைப் பெட்டிதான். பால் மெக்கார்ட்னி லெனனை முதலில் பார்த்தது அன்றைக்கே. நம் லயங்களில் அதே பெட்டி அரிசி வைக்க ஆகும், சாமி படம் வைக்க ஆகும், பிள்ளை எழுத மேசையாகும். அங்கே கவிழ்த்தால் இசை, இங்கே கவிழ்த்தால் வீட்டுப்பாடம்.

பிற்பாடு ஒட்டுப்பலகைப் பெட்டியின் இடத்துக்குக் கனத்த காகிதச் சாக்கு வந்தது. விரல் நுனி எடுத்த கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் எடுக்கின்றன. எங்கள் பிள்ளைகள் தாப்பா வளைவுகளில் இறங்கி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். சரிவில் இப்போது நேபாளமும் வங்கதேசமும் இந்தோனேசியாவும் நிற்கின்றன. அடி முகம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறார். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு தேநீர்க் கூடம் கட்டி, அதன் முனையை மலைச்சரிவுக்கு வெளியே ஆறு மீட்டர் நீட்டி அந்தரத்தில் விட்டிருக்கிறார்கள். அதுவும் நீள நீளமான ஒரு கனச்செவ்வகம். மேலே நின்று தேநீரோடு படம் எடுக்கிறவர்களுக்குப் பச்சை மலை தெரியும். அந்தப் பெட்டியின் அடி முகம் தெரிய வேண்டுமானால், கீழே தேயிலைக்கு நடுவில் நிற்க வேண்டும்.

அதனால்தான் பெஞ்சுமேல் நின்ற அந்தப் பையனை இப்போது இறக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். காலண்டர் ஓவியருக்கு வடிவியல் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறுமுகனை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பாதி முகம் மறைந்துதான் போயிருக்கும். அவர் என்ன செய்தார்? ஆறு முகத்தையும் நம் பக்கமே திருப்பி, வரிசையாக, ஒன்றையும் மறைக்காமல் வரைந்துவிட்டார். பக்தன் காசு கொடுத்து வாங்குகிறான், மூன்று முகத்தை ஒளித்தால் விடுவானா? நம் சரித்திரத்தையும் நாம் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம்.

வீட்டில் தேயிலை அட்டைப்பெட்டி இருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மேலே பெயர் இருக்கும், முன்னால் பச்சை மலை இருக்கும், பக்கத்தில் எப்படிக் கலக்க வேண்டும் என்று இருக்கும். அடி முகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் குத்தியிருக்கும்: காலாவதித் தேதி.